வேலையில் இருந்துகொண்டே ஆன்லைனில் தர மேலாண்மை: எந்தப் படிப்பு, எதைப் பார்த்துச் சேர்வது?

#1 திருகுமரை

வணக்கம் நண்பர்களே. எந்திரப் பாகங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் தரப் பிரிவில் இருக்கிறேன். லைன் இன்ஸ்பெக்‌ஷனில் தொடங்கியவன். இப்போது வாடிக்கையாளர் புகார், 8டி அறிக்கை (புகாரின் காரணத்தை எட்டுப் படிகளில் தேடித் தீர்ப்பது), கரெக்டிவ் ஆக்‌ஷன் எல்லாம் என் மேசைக்குத்தான் வருகின்றன. படித்தது மெக்கானிக்கல். வேலையை விட முடியாது, ஷிப்டும் மாறி மாறி வரும், அதனால் நேரில் போய் உட்கார்ந்து படிப்பது நடக்காது.

ஆன்லைனில் பகுதி நேரமாகப் படிக்கலாம் என்று தேட ஆரம்பித்தால் குழப்பம்தான் மிச்சம். ஒரு பக்கம் இரண்டு மூன்று வருடம் இழுக்கும் முதுநிலைப் பட்டம், இன்னொரு பக்கம் பிழையைக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறையில் கிரீன் பெல்ட், பிளாக் பெல்ட் என்ற படிநிலைச் சான்றுகள், அப்புறம் தர மேலாண்மைத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9001க்கான லீட் ஆடிட்டர் (தலைமைத் தணிக்கையாளர்) பயிற்சி. எல்லா விளம்பரமும் ஒரே மாதிரி பேசுகிறது. எதை முதலில் எடுப்பது? ஒரு படிப்பு தரமானதா என்று சேருவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? புள்ளியியல் கல்லூரியில் தேர்வுக்காகப் படித்ததோடு சரி, இப்போது திரும்ப அதில் இறங்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் வெளிப்படையாகச் சொல்லுங்கள், கடுமையாகச் சொன்னாலும் பரவாயில்லை.

#2 கேஜ்ரூம்

முதலில் அந்த மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்காதீர்கள் நண்பரே. பட்டம் என்பது பல்கலைக்கழகம் தருவது, வாழ்நாள் முழுக்க உங்கள் பெயரோடு இருக்கும். ஏ.எஸ்.க்யூ. என்ற அமெரிக்கத் தரச் சங்கம் நடத்தும் சி.க்யூ.இ. (தரப் பொறியாளர்) போன்ற தொழில்முறைச் சான்று தேர்வு எழுதி வாங்குவது, அதற்கு எட்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், இளநிலைப் பட்டம் இருந்தால் அதில் நான்கு வருடம் தள்ளுபடி, வாங்கிய பிறகும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். மூன்றாவது வகை, ஒரு பயிற்சியை முடித்ததற்குத் தரும் காகிதம். இந்த மூன்றாவதைத்தான் முதல் இரண்டின் சட்டையைப் போட்டு நிறைய பேர் விற்கிறார்கள். சிக்ஸ் சிக்மா பெல்ட்டுக்கு உலகம் முழுவதற்கும் ஒரே அதிகாரம் என்று எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் பெல்ட் கொடுக்கலாம், வார இறுதி ஒன்றில் கிடைக்கும் பிளாக் பெல்ட்டும் இருக்கிறது, சொந்தத் திட்டப்பணி செய்து நிரூபித்தால்தான் கிடைக்கும் பிளாக் பெல்ட்டும் இருக்கிறது. பெயர் ஒன்றுதான்.

சேருவதற்கு முன் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள், தலைப்புகளை மட்டும் கொடுத்தால் வாரவாரியான விவரம் கேளுங்கள். அதில் அளவீட்டு முறை ஆய்வு, அதாவது எம்.எஸ்.ஏ., தனி வாரமாக இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் கண்ட்ரோல் சார்ட்டும் (அளவுகளை வரிசையாகக் குறித்து எல்லைக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது) சிபிகேயும் (பாகங்கள் அனுமதித்த எல்லைக்குள் எவ்வளவு நன்றாக வருகின்றன என்று காட்டும் எண்) கற்றுக் கொடுக்கும் படிப்பு அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மாடி கட்டுகிறது. அடுத்து எஃப்.எம்.இ.ஏ., அதாவது எங்கே என்ன கோளாறு வரலாம் என்று முன்கூட்டியே ஆராயும் பகுதியைப் பாருங்கள். 2019ல் அமெரிக்க, ஜெர்மன் வாகனத் துறை அமைப்புகளான ஏ.ஐ.ஏ.ஜி.யும் வி.டி.ஏ.வும் சேர்ந்து வெளியிட்ட கையேட்டில் தீவிரம், நிகழ்வு, கண்டுபிடிப்பு மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுப் பெருக்கும் ஆர்.பி.என். எண்ணை எடுத்துவிட்டு ஆக்‌ஷன் பிரயாரிட்டி என்ற முன்னுரிமை முறைக்கு மாறிவிட்டார்கள். காரணம் எளிது: தீவிரம் 10, நிகழ்வு 2, கண்டுபிடிப்பு 2 என்றால் பெருக்கல் 40. தீவிரம் 4, நிகழ்வு 4, கண்டுபிடிப்பு 4 என்றால் 64. உயிருக்கு ஆபத்தான கோளாறு கீழே போய்விடுகிறது, சாதாரணக் கோளாறு மேலே வந்துவிடுகிறது. வாகன உதிரிபாகத் துறைக்கு என்று சொல்லிக்கொண்டு இன்னும் ஆர்.பி.என். 100க்கு மேல் போனால் நடவடிக்கை என்று மட்டும் நடத்தினால் அந்தப் பாடத்தை யாரும் தூசு தட்டவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு சோதனை. மாதிரி வகுப்பு கேட்டு, பத்து லட்சத்தில் 3.4 பிழை என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். சராசரியிலிருந்து ஆறு சிக்மா (சிக்மா என்றால் திட்டவிலக்கம்) தூரத்தில் எல்லை இருந்து சராசரி நகராமல் இருந்தால் பிழை நூறு கோடிக்கு இரண்டு அளவில்தான் வரும். சராசரி 1.5 சிக்மா நகரும் என்று வைத்துக்கொண்டு, மிச்சம் 4.5 சிக்மாவுக்கு வெளியே ஒரு பக்கத்தில் விழுவதைக் கணக்கிட்டால்தான் 3.4 வருகிறது. இதைச் சொல்லத் தெரியாத ஆசிரியரிடம் பிளாக் பெல்ட் படிக்க வேண்டாம்.

ஆனால் இதையெல்லாம் விட முக்கியம், உங்கள் சொந்த வேலையிடத்துத் தரவை வைத்துத் திட்டப்பணி செய்ய விடுகிறார்களா என்பது. முழுநேர மாணவரிடம் புத்தகத்தின் பின்பக்கத்துத் தரவுதான் இருக்கும். உங்களிடம் ஓடுகிற மெஷின் இருக்கிறது, தவறு நடந்தால் யார் கையில் என்ன மாறியது என்று அதே நாள் போய்ப் பார்க்க முடியும். பகுதி நேரமாகப் படிப்பவருக்கு இருக்கும் பெரிய பலமே அதுதான். அதைப் பயன்படுத்த விடாத படிப்பு எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் உங்களுக்குச் சரிவராது.

#3 நிரலோடை

கேஜ்ரூம் சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் புள்ளியியலில் கொண்டு போய் முடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் மென்பொருள் சேவைப் பிரிவில் தரம் பார்ப்பவன், பகுதி நேரமாக முதுநிலைப் பட்டம் முடித்தவன். என் அனுபவத்தில் வேலைக்கு உதவியது மாற்ற மேலாண்மை, தலைமைத்துவம், வாடிக்கையாளர் தேவையைப் புரிந்துகொள்வது, தரச் செலவு பற்றிய பாடங்கள்தான். மேலிடத்தில் போய் சிபிகே 0.8 என்று சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தடுப்புச் செலவு இவ்வளவு, சோதனைச் செலவு இவ்வளவு, உள்ளேயே வீணானது இவ்வளவு, வாடிக்கையாளரிடம் போய்த் தோற்றதற்கு இவ்வளவு என்று நான்கு கட்டமாகப் பணக்கணக்கில் போட்டுக் காட்டினால் கூட்டத்தை அங்கேயே நிறுத்தி விவரம் கேட்கிறார்கள்.

தர மேலாண்மை முன்னோடி டெமிங் சொன்ன 14 கொள்கைகளில் பயத்தை விரட்டு, பிரிவுகளுக்கு நடுவே உள்ள சுவரை உடை என்பவை எல்லாம் மனிதர்களைப் பற்றியவை. மேலே போக நினைப்பவர் அந்தப் பக்கம்தான் அதிகம் பார்க்க வேண்டும். கணக்குப் போட மென்பொருள் இருக்கிறது.

#4 லேப்பெஞ்ச்

நிரலோடை சார், டெமிங்கை வைத்தே உங்களோடு கொஞ்சம் மோத வேண்டியிருக்கிறது, தவறாக நினைக்க வேண்டாம். அவர் புள்ளியியல் ஆள். 1950ல் ஜப்பானுக்குப் போய் அவர் நடத்தியது புள்ளியியல் தரக் கட்டுப்பாடு வகுப்பு. பயத்தை விரட்டு என்று அவர் சொன்னதற்குப் பின்னால் இருப்பதும் அதே கணக்குதான். அமைப்பிலேயே இருக்கும் ஏற்ற இறக்கத்துக்குத் தொழிலாளியைக் குற்றம் சொல்லாதே என்பதைக் காட்டத்தான் சிவப்பு மணி விளையாட்டை நடத்துவார். ஒரே பெட்டியிலிருந்து எல்லாரும் மணி அள்ளுவார்கள், ஒருவருக்குச் சிவப்பு அதிகம் வரும், ஒருவருக்குக் குறைவாக வரும், அதை வைத்து ஒருவரைப் பாராட்டுவதும் இன்னொருவரைத் திட்டுவதும் எவ்வளவு அர்த்தமற்றது என்று கண் முன்னால் தெரியும். தற்செயல் மாறுபாட்டையும் குறிப்பிட்ட காரணத்தால் வரும் மாறுபாட்டையும் பிரிக்கத் தெரியாத மேலாளர் எத்தனை தலைமைத்துவப் பாடம் படித்தாலும் ஆட்களை அநியாயமாகத்தான் நடத்துவார்.

நான் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் தரம் பார்ப்பவள். எங்களுக்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 15189. தினமும் காலையில் நோயாளி மாதிரி ஓட்டுவதற்கு முன் கண்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த மாதிரி) ஓட்டுவோம், அதை லீவி-ஜென்னிங்ஸ் என்ற கண்ட்ரோல் சார்ட்டில் குறிப்போம். குளுக்கோஸ் கண்ட்ரோலுக்குச் சராசரி 100, திட்டவிலக்கம் 2 என்று வையுங்கள். காலையில் 104.5 வருகிறது. பல கூடங்களில் என்ன செய்வார்கள் என்றால், இரண்டு திட்டவிலக்கத்தைத் தாண்டிவிட்டது என்று உடனே திரும்ப ஓட்டுவார்கள், உள்ளே வந்ததும் நிம்மதியாக வேலையைத் தொடங்குவார்கள். எதுவுமே கெடாத மெஷினில் கூட ஒரு கண்ட்ரோல் சுமார் 4.5 சதவீதம் தடவை அந்தக் கோட்டைத் தாண்டும், இரண்டு கண்ட்ரோல் ஓட்டினால் ஏறக்குறைய 9 சதவீதம் தடவை ஏதாவது ஒன்று தாண்டும். அதனால்தான் 1981ல் வெஸ்ட்கார்ட் என்ற ஆய்வக நிபுணர் பல விதிகளைச் சேர்த்துக் கொடுத்தார்: ஒரு முறை 2 திட்டவிலக்கத்தைத் தாண்டினால் எச்சரிக்கை மட்டும், அடுத்ததும் அதே பக்கம் தாண்டினால் நிறுத்து, 3ஐத் தாண்டினால் உடனே நிறுத்து, பத்துப் புள்ளி தொடர்ந்து சராசரியின் ஒரே பக்கத்தில் இருந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது என்று பார். படிப்பில் சேரும் வரைக்கும் எங்கள் கூடத்தில் யாருக்கும் இந்த விதிகளுக்குப் பின்னால் இருக்கும் காரணம் தெரியாது, சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து நடப்போம். காரணம் புரிந்த பிறகு தேவையில்லாத மறு ஓட்டம் நின்றது, உண்மையான நகர்வு வந்தபோது அதை அமுக்காமல் ரீஏஜென்ட் லாட் (சோதனை வேதிப்பொருளின் தொகுதி) மாறியதுதான் காரணம் என்று பிடிக்கவும் முடிந்தது.

அதனால் திருகுமரை தம்பி, புள்ளியியல் இல்லாத தர மேலாண்மைப் படிப்பில் சேராதீர்கள். நீங்கள் பயப்படும் அளவுக்கு அது பெரிதும் இல்லை. சராசரி, திட்டவிலக்கம், இயல்நிலைப் பரவல், நம்பிக்கை இடைவெளி, கருதுகோள் சோதனை, தொடர்புப் போக்கு, இவ்வளவும் கைவசம் வந்தால் முதல் வருடம் ஓடிவிடும். சோதனை வடிவமைப்பு வரும்போதுதான் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

#5 திருகுமரை

அக்கா, கேஜ்ரூம் அண்ணா, இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன பிறகு நம்பிக்கை வருகிறது. ஆனால் சொந்தத் தரவு விஷயத்தில்தான் முட்டுகிறது. எங்கள் நிறுவனம் வாடிக்கையாளர் வரைபடத்தையோ அளவுகளையோ வெளியே போக விடாது. கையெழுத்தே வாங்கியிருக்கிறார்கள். அப்படி இருக்கும்போது திட்டப்பணி எப்படிச் செய்வது?

#6 கேஜ்ரூம்

நல்ல கேள்வி. இதற்குப் பயந்தே பலர் திட்டப்பணி இல்லாத படிப்பாகத் தேடுகிறார்கள்.

முதல் வேலை, எழுத்தில் அனுமதி. உங்கள் மேலாளர், தேவைப்பட்டால் மனிதவளப் பிரிவு, இரண்டு பேரிடமும் என்ன தரவு, எந்த வடிவில், யார் பார்ப்பார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துப் பதில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சரி என்று சொன்னதை நம்பி இறங்காதீர்கள், மேலாளர் மாறினால் சிக்கல்.

இரண்டாவது, தரவை மாற்றிக் கொடுக்கும் வழி. ஒரு ஷாஃப்ட் விட்டம் 25.00 மி.மீ., டாலரன்ஸ், அதாவது அனுமதித்த விலகல், கூட்டல் கழித்தல் 0.05 என்று வைத்துக்கொள்வோம். திட்டவிலக்கம் 0.0125. மொத்த டாலரன்ஸ் 0.10ஐ ஆறு சிக்மாவால், அதாவது 0.075ஆல் வகுத்தால் சிபி 1.33, பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் சராசரி 25.02ல் உட்கார்ந்திருக்கிறது. மேல் எல்லைக்கு மிச்சம் 0.03தான், அதை மூன்று சிக்மாவால், 0.0375ஆல் வகுத்தால் சிபிகே 0.8. மெஷினுக்குத் திறன் இருக்கிறது, செட்டிங்தான் தள்ளிப் போயிருக்கிறது என்று இந்த இரண்டு எண்ணும் சேர்ந்து சொல்கின்றன.

இப்போது எல்லா அளவையும் மூன்றால் பெருக்கி ஏழைக் கூட்டுங்கள். எல்லைகளையும் அதே மாதிரி. 24.95 என்பது 81.85 ஆகும், 25.05 என்பது 82.15, சராசரி 82.06, திட்டவிலக்கம் 0.0375. சிபிகே கணக்கிட்டுப் பாருங்கள், 82.15ல் 82.06 போக 0.09, அதை 0.1125ஆல் வகுத்தால் அதே 0.8. கண்ட்ரோல் சார்ட்டில் எந்தப் புள்ளி வெளியே இருந்ததோ அதே புள்ளிதான் வெளியே இருக்கும். கேஜ் ஆர் அண்ட் ஆர் சதவீதமும் (மாறுபாட்டில் அளவிடும் முறையால் வரும் பங்கு) மாறாது. பார்ப்பவருக்கு அது ஷாஃப்டா, துளையா, தட்டா என்று கூடத் தெரியாது. பெருக்கும் எண்ணையும் கூட்டும் எண்ணையும் உங்கள் மேலாளரிடம் மட்டும் கொடுத்து வையுங்கள். ஒன்று கவனம், பெருக்கலும் கூட்டலும் மட்டும்தான். மடக்கை எடுப்பது, வர்க்கம் எடுப்பது போன்றவை பரவலின் வடிவத்தையே மாற்றிவிடும். பாகத்தின் பெயர், வாடிக்கையாளர் பெயர், தேதி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், வரிசை மட்டும் மாறக் கூடாது. வரிசை போனால் கண்ட்ரோல் சார்ட்டே போய்விடும்.

சேர்க்கைப் பிரிவிடம் இப்படி மாற்றிய தரவை ஏற்றுக்கொள்வீர்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வேலை செய்பவர்களுக்காக உண்மையிலேயே வடிவமைத்த படிப்பு என்றால் இந்தக் கேள்வி அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

#7 சாட்சியம்

இந்த இழையில் லீட் ஆடிட்டரைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதனால் நான் எழுதுகிறேன். பல துறைகளில் ஆடிட் செய்துகொண்டிருப்பவன்.

வழக்கமாக அது 40 மணி நேரப் பயிற்சி, முடிவில் தேர்வு. இப்போது ஆன்லைனிலும் நடக்கிறது, ஆனால் பெரும்பாலும் நேரலையாக, தொடர்ந்து சில நாள் உட்கார வேண்டும், அதற்கு விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். முடித்துவிட்டால் நீங்கள் லீட் ஆடிட்டர் ஆகிவிட மாட்டீர்கள். பயிற்சியில் தேறியவர், அவ்வளவுதான். உண்மையான ஆடிட்களில் பங்கெடுத்த பதிவுகள் சேர்ந்த பிறகுதான் பதிவு பெற்ற ஆடிட்டராக விண்ணப்பிக்க முடியும். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் சான்று தருவதில்லை, ஆளுக்கும் தருவதில்லை, நிறுவனத்துக்கும் தருவதில்லை. அது தரநிலைகளை எழுதுகிறது, சான்று தருவது தனி நிறுவனங்கள். எங்கள் சான்றிதழ் நேரடியாக ஐ.எஸ்.ஓ.விடமிருந்து என்று விளம்பரம் செய்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

திருகுமரை கேட்ட எதை முதலில் என்பதற்கு என் பதில், முதலில் ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலையை நீங்களே வாசியுங்கள். 1987ல் முதலில் வந்தது, 1994, 2000, 2008, 2015 என்று திருத்தங்கள். 2015 பதிப்பில் 10 பிரிவுகள், அதில் 4 முதல் 10 வரைதான் தேவைகள். தடுப்பு நடவடிக்கை என்ற தனிப் பிரிவு அதில் கிடையாது, இடர் பற்றிய சிந்தனை எல்லாப் பிரிவிலும் கலந்துவிட்டது. தரக் கையேடு கட்டாயமும் இல்லை. இன்னமும் பழைய பதிப்பின் பழக்கத்தில் ஆவணக் குவியலைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் இருக்கின்றன, வாசித்துவிட்டுப் போனால் முதல் மணி நேரத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆடிட் பயிற்சியில் எனக்குப் பிடித்தது, சாட்சியத்தோடு எழுதக் கற்றுக்கொடுப்பது. ஷாப் ஃப்ளோரில் கேலிபரேஷன் தேதி முடிந்த மைக்ரோமீட்டரைப் பார்க்கிறீர்கள். அளவுக் கருவிகளின் பராமரிப்பு சரியில்லை என்று எழுதினால் அதற்குப் பதிலாக வருவது, இனிமேல் சரியாகப் பராமரிப்போம் என்ற ஒரு வரி. இப்படி எழுதிப் பாருங்கள்: பிரிவு 7.1.5.2, அளவுக் கருவிகள் குறிப்பிட்ட இடைவெளியில் சரிபார்க்கப்பட்டு, அவற்றின் நிலை தெரியும்படி இருக்க வேண்டும் என்கிறது. கிரைண்டிங் பிரிவில் இன்ன எண் கொண்ட மைக்ரோமீட்டர் இன்ன தேதியில் காலாவதியான பிறகும் இறுதி ஆய்வில் பயன்பாட்டில் இருந்தது, இன்ன ஆய்வுப் பதிவுகள் அதைக் கொண்டு எழுதப்பட்டவை. தேவை, சாட்சியம், விலகல் மூன்றும் வந்துவிட்டன. இப்போது அந்தக் கருவியால் அளந்து அனுப்பிய பாகங்களை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து யாரும் தப்ப முடியாது. நீங்கள் எழுதும் 8டி அறிக்கைக்கும் இந்தப் பழக்கம் அப்படியே உதவும்.

#8 நைட்ஷிப்ட்

எல்லாரும் பாடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், நேரத்தைப் பற்றி யாராவது பேச வேண்டும். ஷிப்டில் இருப்பவனுக்கு அதுதான் முதல் பிரச்சினை.

ஆன்லைன், பகுதி நேரம் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். நான் முதலில் சேர்ந்த படிப்பில் வகுப்பு பதிவாகக் கிடைக்கும் என்று சொன்னார்கள், கிடைத்தது. ஆனால் வாரா வாரம் நேரலை விவாதத்தில் கலந்துகொள்வதற்குத் தனி மதிப்பெண் என்பதைச் சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள். இரவு ஷிப்ட் வாரங்களில் எனக்கு அந்த மதிப்பெண் பூஜ்ஜியம். கேட்டால், விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார்கள். இரண்டாவதாகச் சேர்ந்த இடத்தில் விவாதம் எழுத்தில், மூன்று நாள் அவகாசம், அதில் நன்றாகவே செய்தேன்.

அதனால் சேரும் முன் கேட்க வேண்டியது: நேரலை கட்டாயமா, தேர்வு குறிப்பிட்ட மணிக்கா அல்லது இரண்டு மூன்று நாள் திறந்திருக்குமா, கேமரா வைத்துக் கண்காணிக்கும் தேர்வு என்றால் அதற்கு அமைதியான அறை வேண்டுமா, ஒரு பருவத்தைத் தள்ளிப்போட அனுமதி உண்டா, மொத்தம் எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டும் ரொம்ப முக்கியம். ஆடிட் சீசன், புது மாடல் தொடக்கம், வாடிக்கையாளர் புகார் என்று ஏதாவது ஒன்று வந்து ஒரு பருவத்தை விழுங்கும், விழுங்காமல் இருக்காது.

குழு வேலை இருக்கிறதா என்றும் கேளுங்கள். நான்கு பேர் நான்கு நேர மண்டலத்தில் இருந்துகொண்டு காரணங்களைத் தேடும் ஒரு ஃபிஷ்போன் வரைபடம் போடுவது பாடத்தை விடப் பெரிய வேலை. ஆனால் நல்லதும் இருக்கிறது, என் குழுவில் மருந்துத் துறையில் இருந்த ஒருவரிடம் பேசித்தான் பேட்ச் ரெக்கார்டு, விலகல் அறிக்கை எல்லாம் அவர்கள் எவ்வளவு கடுமையாக வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

படிக்கும் விதம் பற்றி ஒன்று. இரவு ஷிப்ட் முடித்து வந்து கருதுகோள் சோதனை படிக்க உட்காராதீர்கள், மண்டையில் ஏறாது. அந்த வாரத்தில் தரநிலை வாசிப்பது, வீடியோ பார்ப்பது மாதிரி இலேசான வேலை. பகல் ஷிப்ட் வாரத்தில் கணக்கு. ஷிப்ட் அட்டவணை கையில் வந்த அன்றே பாடத்தின் கெடு தேதிகளை அதன் மேல் எழுதிவிட்டால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும்.

#9 புதுவரவு

குறுக்கே புகுந்து கேட்கிறேன். கணக்குப் போட மினிடேப் என்ற புள்ளியியல் மென்பொருள் கட்டாயமா? சொந்தமாக வாங்க முடியாது.

#10 லேப்பெஞ்ச்

கட்டாயம் இல்லை. பல படிப்புகள் மாணவர் உரிமத்தோடு மினிடேப் தருகின்றன, படிப்பு முடிந்ததும் போய்விடும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆர் என்ற நிரல்மொழி இலவசம், அதில் க்யூசிசி என்ற தொகுப்பு கண்ட்ரோல் சார்ட் எல்லாவற்றையும் போடும். ஆனால் முதல் சில சார்ட்டுகளை எக்செல்லில், சூத்திரத்தை நீங்களே தட்டிப் போடுங்கள். ஒற்றை அளவுகளுக்கான சார்ட் என்றால், அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசங்களின் சராசரியை 2.66ஆல் பெருக்கி, சராசரியின் மேலும் கீழும் வைத்தால் எல்லை வந்துவிடும். பத்து நிமிட வேலை. ஒரு தரம் கையால் போட்டவருக்கு, எல்லைக் கோடு தரவிலிருந்து வருகிறது, டாலரன்ஸிலிருந்து வருவதில்லை என்பது அப்புறம் மறக்கவே மறக்காது.

#11 நிரலோடை

லேப்பெஞ்ச் சொன்ன சிவப்பு மணி விஷயத்தை யோசித்துப் பார்த்தேன், அதில் நியாயம் இருக்கிறது. எங்கள் குழுவிலும் மாதா மாதம் யார் அதிகப் புகாரை மூடினார்கள் என்று பட்டியல் போட்டுப் பேசுவோம், அது பெரும்பாலும் அந்த மணி விளையாட்டுதான்.

ஆனால் சேவைத் துறைக்கு ஒரு எச்சரிக்கை, பாடத்தில் வருவதை அப்படியே தூக்கி வைக்க முடியாது. புகாரைத் தீர்க்க ஆகும் நேரம் இயல்நிலைப் பரவலில் வராது, பெரும்பாலானவை சீக்கிரம் முடியும், சில மட்டும் வால் மாதிரி நீளும். அதை அப்படியே கண்ட்ரோல் சார்ட்டில் போட்டால் கீழ் எல்லை பூஜ்ஜியத்துக்கும் கீழே போகிறது, மேலே தேவையில்லாத அலாரமாக அடிக்கிறது. மடக்கை எடுத்துப் போட வேண்டும், அல்லது நடுமதிப்பு, 90ஆவது சதமானம் என்று பார்க்க வேண்டும். உற்பத்தித் துறை உதாரணங்கள் மட்டுமே உள்ள படிப்பில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. சேவைத் துறையில் இருந்து வருபவர்கள் மாதிரித் திட்டப்பணிகளில் ஒன்றாவது தங்கள் துறையைச் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

தரச் செலவு பற்றி நான் சொன்னதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அது இல்லாமல் உங்கள் சார்ட் மேசையைத் தாண்டாது.

#12 திருகுமரை

எல்லாருக்கும் நன்றி. முடிவு கிட்டத்தட்ட எடுத்துவிட்டேன். தரநிலையை வாசிக்க ஆரம்பித்துவிட்டேன், சொந்தத் திட்டப்பணி உள்ள முதுநிலைப் படிப்பு ஒன்றில் மாற்றிய தரவை ஏற்றுக்கொள்வதாக எழுத்தில் பதில் வந்திருக்கிறது. லீட் ஆடிட்டர் அதற்கு அப்புறம்.

காத்திருக்கும் நேரத்தில் எம்.எஸ்.ஏ.வைத் தொட்டுப் பார்க்கலாம் என்று மேலாளரிடம் கேட்டு, கிரைண்டிங் விட்டத்துக்குக் கேஜ் ஆர் அண்ட் ஆர் ஓட்டினேன். பத்து பாகம், மூன்று ஆட்கள், ஒவ்வொன்றையும் மும்மூன்று தரம். மொத்த மாறுபாட்டில் 34 சதவீதம் வருகிறது. 10க்குள் இருந்தால் நல்லது, 30ஐத் தாண்டினால் ஏற்க முடியாது என்று படித்தேன். தனித்தனியாக அடையாளம் காணக்கூடிய வகைகளின் எண்ணிக்கையும் 3தான், குறைந்தது 5 வேண்டுமாம். புது மைக்ரோமீட்டர் வாங்கச் சொல்லி எழுதிவிடலாமா?

#13 கேஜ்ரூம்

எழுதாதீர்கள், இன்னும் இல்லை. முதலில் ஒன்று சொல்லுங்கள், பத்து பாகத்தையும் மெஷினிலிருந்து அடுத்தடுத்து வந்ததாக எடுத்தீர்களா? அப்படியென்றால் அந்தப் பத்தும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும், பாகத்துக்குப் பாகம் வித்தியாசம் சிறியதாக இருந்தால் அதோடு ஒப்பிடும்போது எந்த அளவுக் கருவியும் மோசமாகத்தான் தெரியும். வீல் டிரெஸ் (சாணைக் கல்லைச் சீராக்குவது) செய்வதற்கு முன்னும் பின்னும், வேறு வேறு ஷிப்டில், வேறு லாட்டில் என்று உங்கள் பிராசஸ் உண்மையில் ஓடும் முழு வீச்சும் அந்தப் பத்தில் வர வேண்டும். டாலரன்ஸோடு ஒப்பிட்டும் சதவீதம் போட்டுப் பாருங்கள், நல்ல பாகத்தையும் கெட்ட பாகத்தையும் பிரிக்க அந்தக் கருவி போதுமா என்பதற்கு அந்த எண்தான் பதில்.

பாகங்கள் சரியாக எடுத்தும் 34தான் என்றால், எந்தப் பகுதி பெரியது என்று பிரித்துப் பாருங்கள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரியதாக இருந்தால் மூன்று பேரும் அளப்பதைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள், ஒருவர் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ராட்செட்டைத் திருப்பி அளப்பார், இன்னொருவர் சுழற்றும் உருளையான திம்பிளை நேராக இறுக்குவார், அழுத்தம் மாறினால் அளவு மாறும். ஒரே ஆள் திரும்பத் திரும்ப அளக்கும்போதே வித்தியாசம் வருகிறது என்றால் ஷாஃப்ட் உருண்டையாக இல்லாமல் இருக்கலாம், ஒவ்வொரு தரமும் வேறு இடத்தில் அளந்திருப்பார்கள். அளக்கும் இடத்தை மார்க்கரால் குறித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பாகத்தைத் தொடும் ஸ்பிண்டில், ஆன்வில் முகங்களையும் ஒரு தரம் துடைத்துப் பாருங்கள். இவ்வளவும் பார்த்த பிறகு வரும் எண்ணை இங்கே போடுங்கள், அப்போது புதுக் கருவியைப் பற்றிப் பேசலாம்.